எதற்காக என்று சொல்லாமல் எடுத்த ரத்தம்

1985ஆம் ஆண்டின் கடைசியில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம் பேராசிரியர் சுனிதி சாலமன் ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்புச் சொன்னார். எய்ட்ஸ் நம் ஊருக்கு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அந்த நோய் முதன்முதலாகப் பதிவாகி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அது அந்நியரின் ஒழுக்கக்கேட்டால் வந்தது, நம் குடும்பக் கட்டுக்கோப்பைத் தாண்டி உள்ளே நுழையாது என்று இங்கே படித்தவர்களும் நம்பினார்கள். மும்பையிலிருந்து அனுப்பிய ரத்த மாதிரிகளில் எதுவும் தெரியவில்லை என்பதும் அந்த நம்பிக்கைக்குத் தெம்பு கொடுத்தது. நிர்மலாவும் தயங்கினார். கணவர்தான் செய்து பார் என்றார்.

பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களை எங்கே போய்த் தேடுவது? மும்பையின் காமாட்டிபுராபோல ஒரு தனித் தெரு சென்னையில் இல்லை. அரசு பொது மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வரும் பெண்களிடம் நிர்மலா பழகினார். அவர்களில் பலர் தங்கள் முகவரி என்று தந்தது 'வி ஹோம்'. விஜிலன்ஸ் ஹோம் என்னும் அரசுக் காப்பகத்தின் சுருக்கப்பெயர் அது. போலீஸ் பிடித்துவந்த பெண்களை அடைத்து வைக்கும் இடம். நிர்மலா அங்கே போய் வர ஆரம்பித்தார். கையுறை கிடையாது, பாதுகாப்புச் சாதனம் எதுவும் கிடையாது. மூன்று மாதத்தில் 80க்கும் மேற்பட்டவர்களின் ரத்தம் சேர்ந்தது. பிரித்தெடுத்த சீரத்தைத் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். 1986 பிப்ரவரியில் கணவரும் அவருமாக அதை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் வேலூர் புறப்பட்டார்கள். சி.எம்.சி. மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் தொற்றின் அடையாளமாக ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. அந்த ஆறு பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி, உறுதிசெய்துகொண்டார்கள். மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் வெளியே தெரிந்தது.

இது துணிச்சலான வேலை. ஒரு மாணவியின் பிடிவாதமும் ஒரு பேராசிரியரின் தொலைநோக்கும் சேர்ந்து, நாடு கண்ணை மூடிக்கொண்டிருந்த காலத்தைப் பல ஆண்டுகள் குறைத்தன. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கதையைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். எந்த நோய்க்கான சோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே பின்னாளில் மறைக்காமல் கூறியிருக்கிறார். வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்துக் கையை நீட்டினார்கள். சொல்லியிருந்தாலும் அவர்களுக்குப் புரிந்திருக்காது என்பது அன்றைய நிலை. எய்ட்ஸ் என்றால் என்ன என்று டாக்டர்கள் பலருக்கே தெரியாத காலம். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆய்வு என்றால் அன்று அப்படித்தான் நடந்தது. வி ஹோமின் கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே இருந்தவள் 'மாட்டேன்' என்று சொல்லியிருக்க முடியுமா என்ற கேள்வியே யாருக்கும் எழவில்லை.

நாற்பது ஆண்டுகளாக மக்கள் நல்வாழ்வுத் துறையில் அறம் என்றும் சமநீதி என்றும் நாம் பேசுவதெல்லாம் எழாமல் போன அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ஊரின் நலத்துக்காக ஒரு காரியம் செய்கிறோம். அதன் சுமையை யார் தலையில் வைக்கிறோம்? அவரைக் கேட்டுவிட்டு வைக்கிறோமா?

பூட்டிய கதவு 1986இல் புதிதாக முளைத்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சென்னை மாகாணத்தின் ராணுவ முகாம்களில் 'லாக் ஆஸ்பத்திரி' என்று ஒன்று இருந்தது. பரங்கிமலையிலும் திருச்சிராப்பள்ளியிலும் இருந்தது. வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் பெருகினால் படை படுத்துவிடும் என்பது கும்பினியின் கவலை. அதற்கு அவர்கள் கண்ட வழி, முகாமைச் சுற்றி வாழ்ந்த பெண்களைப் பிடித்துச் சோதிப்பதும், நோய் கண்டால் குணமாகும்வரை அடைத்துவைப்பதும். 1868இல் இதற்கென்றே தொற்று வியாதிகள் சட்டம் வந்தது. பெண் தன் பெயரைப் பதிந்து சீட்டு வாங்க வேண்டும். குறித்த நாளில் போய்ச் சோதனைக்குப் படுக்க வேண்டும். தவறினால் தண்டனை. சிப்பாய்க்குப் பதிவு இல்லை, சீட்டும் இல்லை. இங்கிலாந்தில் இதேபோன்ற சட்டத்தை எதிர்த்து ஜோசஃபின் பட்லரும் தோழியரும் ஆண்டுக்கணக்கில் போராடி 1886இல் அதை நீக்கவைத்தார்கள். இந்தியாவில் அது 1888இல் போனது.

சட்டம் போனாலும் அதன் பின்னால் இருந்த எண்ணம் போகவில்லை. நோய் பெண்ணிடமிருந்து வருகிறது, ஆண் அதைப் பெற்றுக்கொள்பவன் என்ற எண்ணம். 1930இல் சென்னை மாகாணத்தில் ஒழுக்கக்கேடான வியாபாரத்தை ஒடுக்கும் சட்டம் வந்தது, 1956இல் நாடு முழுமைக்கும் வந்தது. இவற்றின் நோக்கத்தில் கருணை இருந்தது. பெண்களைத் தரகர்களிடமிருந்து மீட்க வேண்டும் என்று மனதார நினைத்தவர்கள் அவற்றுக்காக உழைத்தார்கள். ஆனால் மீட்பது என்பது நடைமுறையில் பிடிப்பது என்றானது. மீட்கப்பட்டவளை வைத்திருக்கும் இல்லத்துக்குப் பூட்டு தேவைப்பட்டது. நூறாண்டுக்கு முன் சிப்பாய்க்காக அடைத்தார்கள், பிறகு அவளுக்காகவே அடைத்தார்கள். உள்ளே இருப்பவளுக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு தெரிந்திருக்கும்?

1986க்குப் பிறகு நடந்ததை இந்த நீண்ட வரிசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் அது ஏன் அவ்வளவு இயல்பாக நடந்தது என்று புரிகிறது. தொற்று உறுதியான பெண்களை வெளியே விட்டால் நோய் பரவும் என்று சொல்லி, தண்டனைக் காலம் முடிந்த பின்னும் இல்லங்களிலேயே வைத்திருந்தார்கள். மருந்து கிடையாது. அடைத்துவைப்பதே சிகிச்சை என்பதுபோல் ஆயிற்று. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் இந்தப் பெண்களைச் சந்தித்து, எழுதி, பின் உயர் நீதிமன்றத்துக்கும் போனார். 1990இல் அவர்கள் விடுதலையானார்கள். அதே ஆண்டில் மும்பை விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களைத் தனி ரயிலில் சென்னைக்கு அழைத்துவந்தார்கள். வந்து இறங்கியவர்களுக்கு வரவேற்பாகக் கிடைத்தது ரத்தப் பரிசோதனை. கோவாவில் டொமினிக் டிசூசா என்னும் இளைஞர் ரத்த தானம் செய்யப்போனபோது தொற்று தெரிந்து, 1989இல் 64 நாள் ஒரு பழைய சானடோரியத்தில் காவலில் வைக்கப்பட்டார். அதே ஆண்டில் மாநிலங்களவைக்கு வந்த எய்ட்ஸ் தடுப்பு மசோதா, சந்தேகப்படுபவரைக் கட்டாயமாகச் சோதிக்கவும் தனிமைப்படுத்தவும் அதிகாரம் கேட்டது. எதிர்ப்பு வலுத்த பிறகு அது திரும்பப் பெறப்பட்டது.

அதே 1986ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று கனடாவின் ஒட்டாவா நகரில், உலக சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு ஒரு சாசனத்தை ஏற்றது. நலமேம்பாடு என்றால் என்ன என்று இன்று உலகம் முழுக்கப் பாடம் நடத்துகிறவர்கள் தொடங்கும் இடம் அந்தச் சாசனம்தான். தங்கள் நலத்தைத் தாங்களே கையில் எடுத்து அதை மேம்படுத்திக்கொள்ள மக்களுக்குத் திறன் சேர்க்கும் வேலையே நலமேம்பாடு என்று அது வரையறுத்தது. அமைதி, குடியிருப்பு, கல்வி, உணவு, வருமானம், சமூக நீதி, சமத்துவம் ஆகியவை இல்லாத இடத்தில் நலம் இல்லை என்றும் சொன்னது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் அல்மா அட்டாவில் 134 நாடுகள் கூடி அனைவருக்கும் ஆரம்ப சுகாதாரம் என்று உறுதியெடுத்ததன் தொடர்ச்சி அது. ஒட்டாவாவில் பெரும்பாலும் பணக்கார நாடுகளின் கவலைகள்தான் பேசப்பட்டன. வி ஹோமின் பெண்களுக்கு அப்படி ஒரு காகிதம் எழுதப்பட்டது தெரிந்திருக்க வழியில்லை. தன் நலம் தன் கையில் என்று ஒரு சாசனம் அங்கே எழுதப்பட்ட அந்த ஆண்டில், தன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதே தெரியாமல் ஆறு பெண்கள் இங்கே இருந்தார்கள். இந்த இடைவெளியைக் கடக்க எடுத்த காலம்தான் நம் பொது சுகாதாரத்தின் உண்மையான வரலாறு.

அந்த இடைவெளிக்குப் பாலம் போட்டவர்களில் ஜோனதன் மானை மறக்கக்கூடாது. 1986இல் உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் பணிக்குப் பொறுப்பேற்ற அமெரிக்க மருத்துவர் அவர். நாடு நாடாகப் போய்ப் பார்த்தபோது அவர் கண்டது ஒன்றே. ஒரு சமூகத்தில் ஏற்கெனவே யார் ஒதுக்கப்பட்டவரோ அவரைத் தேடித்தான் இந்தக் கிருமி போகிறது. எனவே மனித உரிமையை மீறுவதால் நோய் நிற்காது, உரிமையைக் காப்பதே நோயைத் தடுக்கும் வழி என்று அவர் அரசுகளிடம் வாதாடினார். அடைத்துவைப்போம் என்று அச்சுறுத்தினால் தொற்று உள்ளவர் ஒளிந்துகொள்வார், சோதனைக்கு யாரும் வரமாட்டார்கள். இது அறம் மட்டும் பேசும் வாதமாக இல்லை, தொற்றுநோயியலும் கலந்திருந்தது. 1990இல் அவர் அந்தப் பதவியை விட்டு விலகினார், 1998இல் ஒரு விமான விபத்தில் இறந்தார்.

அவர் சொன்னது சரி என்பதற்கு இந்தியாவில் கிடைத்த முதல் பெரிய சான்று கல்கத்தாவின் சோனாகாச்சி. 1992இல் ஸ்மரஜித் ஜானா என்னும் தொற்றுநோயியல் மருத்துவர் அங்கே ஒரு பால்வினை நோய்த் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினார். ஆணுறை பற்றிச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. ஆனால் அந்தப் பெண்களோடு பேசிப்பார்த்ததில், ஆணுறை அவர்கள் கவலைப் பட்டியலில் எங்கோ கீழே இருந்தது தெரிந்தது. போலீஸ் அடி, ரவுடித் தொல்லை, வட்டிக்காரன், பிள்ளையின் பள்ளிக்கூடம் இவைதான் மேலே இருந்தன. வாடிக்கையாளரிடம் 'இது இல்லாமல் முடியாது' என்று சொல்லும் தைரியம், அவன் போய்விட்டால் அன்றைய சோற்றுக்கு வழி இருப்பவளுக்குத்தான் வரும். எனவே அந்தப் பெண்களையே சக கல்வியாளர்களாக நியமித்தார்கள். 1995இல் அவர்கள் சொந்தமாக ஒரு சங்கம் அமைத்தார்கள், சேமிப்புக்கும் கடனுக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கமும் நடத்தினார்கள். மரியாதை, நம்பிக்கை, அங்கீகாரம் என்று மூன்று சொல்லை அந்தத் திட்டம் அடிக்கடி சொல்லும். மருத்துவத் திட்டம் எதற்கு வட்டிக்கடை வேலை பார்க்கிறது என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்விக்கு ஒட்டாவாவின் காகிதத்தைவிடச் சோனாகாச்சியின் கணக்குப் புத்தகம் நல்ல பதில் என்பேன்.

தமிழ்நாடு என்ன செய்தது? 1990களில் மாறத் தொடங்கியது என்பதைப் பெருமையோடு சொல்லலாம். 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் இங்கேதான் முதலில் உருவானது. துறைக் கோப்புகளுக்காகக் காத்திராமல் பணத்தையும் வேலையையும் வேகமாகக் கீழே கொண்டுசெல்ல, பதிவுபெற்ற சங்கமாக அதை அமைத்தார்கள். பிற மாநிலங்கள் அதைப் பின்பற்றின. சுனிதி சாலமன் அரசுப் பணியிலிருந்து வெளியே வந்து 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். தொற்று உள்ளவரைத் தொட மற்ற மருத்துவர்கள் பயந்த நேரத்தில் அவர் நோயாளிகளைத் தொட்டுப் பேசினார் என்பதை அவரிடம் வந்தவர்கள் நினைவுகூர்கிறார்கள். தாம்பரம் சானடோரியம் 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காகக் கட்டியது. ஊரெல்லாம் கதவடைத்தபோது எச்.ஐ.வி. உள்ளவர்களை அது ஏற்றுக்கொண்டது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ரயிலேறி வந்தார்கள். காசநோய்க்கு ஊரைவிட்டு ஒதுக்கப்பட்டவர்களைப் பார்த்துப் பழகிய இடம் அது. அந்தப் பழக்கம் உதவியிருக்க வேண்டும்.

ஆனால் விளம்பரம் வேறு திசையில் ஓடியது. என் தலைமுறைக்கு எய்ட்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது சுவரில் வரைந்த மண்டையோடும் 'உயிர்க்கொல்லி' என்ற சொல்லும்தான். பிறகு 'ஒருவனுக்கு ஒருத்தி' வந்தது. நோயைத் தடுக்கும் அறிவுரையாகவும் ஒழுக்கப் பாடமாகவும் ஒரே வாக்கியத்தை எழுதினால் இரண்டாவதுதான் காதில் விழும். அதைப் படித்தவர் தன்னைக் காத்துக்கொள்வது பற்றி யோசித்ததைவிட, தொற்று வந்தவர் என்ன தப்பு செய்தார் என்று யோசித்தார். 2000களின் தொடக்கத்தில் 'புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற பலகைகள் ஊரெங்கும் நின்றன. சினிமா விளம்பரமோ என்று கேட்டுக்கொண்டே மக்கள் அதைப் பேசினார்கள். மண்டையோட்டோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம் என்று நினைக்கிறேன். முதல்முறையாகக் கேள்வி ஆணைப் பார்த்துத் திரும்பியது. வெளியே சுற்றும், ஆண்மையைப் பெருமையாகப் பேசும் ஆணை. 1868இன் சீட்டிலிருந்து அங்கே வந்துசேர 130 ஆண்டுக்கு மேல் ஆனது.

'ஒருவனுக்கு ஒருத்தி' எந்த அளவுக்குப் பொய்யான பாதுகாப்பு என்பதைச் சொன்னவர் நாமக்கல்லின் பி. கௌசல்யா. ஒருவனையே மணந்தார், அவனோடு மட்டுமே வாழ்ந்தார், தொற்று வந்தது. லாரித் தொழிலால் வளர்ந்த மாவட்டம் அது. மாதக்கணக்கில் சாலையிலேயே கிடக்கும் ஓட்டுநர்களும் கிளீனர்களும் ஊர் திரும்பும்போது நோயும் கூட வந்தது. அவர்களைச் சாலைக்கு அனுப்பிச் சம்பாதித்தவர்கள் அவர்களுக்குப் படுக்க இடமோ விடுப்போ கொடுத்ததில்லை. கௌசல்யா தன் முகத்தை மறைக்காமல் தொலைக்காட்சியில் பேசினார். 1998இல் தொற்றுள்ள பெண்களுக்கான ஒரு கூட்டமைப்பைச் சென்னையில் தொடங்கினார். 'இவள் என்ன செய்தாளோ' என்று மாமியார் வீட்டில் கேட்கப்பட்ட, கணவன் செத்ததும் சொத்தில்லாமல் துரத்தப்பட்ட பெண்கள் அங்கே ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். அரசு அவர்களை அழைத்துக் கருத்துக் கேட்கும் நிலை மெல்ல வந்தது. தொற்றுள்ளவரைத் திட்டத்தின் இலக்காக வைத்திருந்த மேசையில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அதுவும் யாரும் தானாகக் கொடுத்த நாற்காலி இல்லை.

மருந்தின் கதையையும் சொல்ல வேண்டும், சமநீதி என்பது விலைப்பட்டியலிலும் இருப்பதால். கூட்டு மருந்து சிகிச்சை 1996இலிருந்தே மேற்கில் உயிர்களைக் காத்துக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 10,000 டாலருக்குக் குறையாமல் விலை. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் ஆண்டுக்கு 350 டாலருக்கு அதைத் தருவதாக அறிவித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதைத் தயாரித்த நாட்டிலேயே ஏழைக்கு அது இலவசமாகக் கிடைக்க 2004 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று தொடங்கிய எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. இடைப்பட்ட அந்த மூன்று ஆண்டுகளில் நிலம் விற்று மருந்து வாங்கியவர்களையும், விற்க நிலம் இல்லாததால் இறந்தவர்களையும் எந்த ஆண்டறிக்கையும் பிரித்து எண்ணவில்லை. மருந்து வந்த பிறகு சுவரில் எழுதிய 'உயிர்க்கொல்லி' பொய்யாகிப்போனது. ஆனால் சுவரை வெள்ளையடிக்க நாளானது.

எண்கள் நல்லதைத்தான் சொல்கின்றன. 2001இல் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளிடையே 1 சதவீதத்தைத் தாண்டியிருந்த தொற்று பத்தாண்டில் அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதற்கு மண்டையோட்டுப் படமோ காப்பகப் பூட்டோ காரணமில்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஊர் ஊராக நடந்த சக கல்வியாளர்கள், லாரி நிறுத்தங்களில் வைத்த மருத்துவ முகாம்கள், கல்லூரிகளின் செஞ்சுருள் சங்கங்கள், மாவட்ட மருத்துவமனைகளில் சோதனைக்கும் ஆலோசனைக்கும் திறந்த நம்பிக்கை மையங்கள் இவைதான் காரணம். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியவில்லை, வைத்தவர் நல்ல தமிழறிந்தவர். சோதனைக்கூடம் என்று வைத்திருந்தால் யாரும் அந்தக் கதவைத் தட்டியிருக்க மாட்டார்கள்.

சட்டம் மிகவும் பின்னால்தான் வந்தது. 1998இல், ஒரு நோயாளியின் தொற்றைத் தனியார் மருத்துவமனை வெளியே சொல்லிவிட்டது பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் மருத்துவமனையின் பக்கம் நின்றது. அதோடு தொற்றுள்ளவர் மணம் செய்துகொள்ளும் உரிமையே நிறுத்திவைக்கப்படுகிறது என்றும் சொல்லிவிட்டது. 2002இல்தான் அந்தப் பகுதியை விலக்கிக்கொண்டது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. விளங்கச் சொல்லி, சம்மதம் பெற்ற பின்பே சோதனை. முடிவு ரகசியம். வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பாகுபாடு கூடாது. வி ஹோமில் ஊசி ஏறி முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, எதற்காக எடுக்கிறீர்கள் என்று கேட்பது சட்டப்படி ஓர் உரிமை ஆனது.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாத 2018 டிசம்பரில், தென்மாவட்டம் ஒன்றில் ஒரு கர்ப்பிணிக்கு அரசு மருத்துவமனையில் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. நாடே அந்தப் பெண்ணுக்காகக் கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். ரத்தம் கொடுத்த இளைஞர் பற்றிப் பேசியவர்கள் குறைவு. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த சோதனையில்தான் அவருக்குத் தன் தொற்று தெரிந்தது. தெரிந்ததும் தன் ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள் என்று ரத்த வங்கிக்குத் தானே போய்ச் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அவர் விஷம் குடித்தார், அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தும் அந்தத் தகவல் அவரை வந்தடையவில்லை என்று அப்போது வந்த செய்திகள் கூறின. 1986இன் ஆறு பெண்களையும் இந்த இளைஞரையும் சேர்த்து நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ரத்தத்தை எடுத்துக்கொண்டோம், செய்தியை மட்டும் கொடுக்கவில்லை. கடைசியில் நேர்மையாக நடந்துகொண்டவர் அந்த இளைஞர்தான். அவர் உயிரோடு இருப்பதற்கான ஆதரவு அவரைச் சுற்றி ஒன்றுமே இல்லை.

பிறகு கொரோனா வந்தது. முப்பது ஆண்டுகளாக எச்.ஐ.வி. கற்றுக்கொடுத்ததெல்லாம் ஒரே மாதத்தில் காணாமல் போனது. வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சென்னைத் தெருக்களில் வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். உள்ளே இருந்தவருக்குக் காய்கறி யார் கொண்டுவருவார் என்று யோசித்த இடங்களும் உண்டு, யோசிக்காத இடங்களும் உண்டு. 2020 ஏப்ரலில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. நோயாளிகளைப் பார்த்து நோய் வாங்கி இறந்த மனிதர் அவர். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பிணத்திலிருந்து பரவுமா என்று அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நோயாளியை அடையாளமிட்டுத் தள்ளிவைக்க வேண்டும் என்பதை மட்டும் ஸ்டிக்கரும் தகரமும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது என்றது. அதற்குள் எத்தனையோ வீடுகளில் ஸ்டிக்கரைக் கிழித்த பின்னும் பசைத்தடம் நின்றது.

ஏன் மறக்கிறோம்? அவசரம் ஒரு காரணம். பயந்த அரசுக்குப் பூட்டும் தகரமும் கண்ணில் படும் செயல்கள். உட்கார்ந்து பேசுவது கண்ணில் படாது. இன்னொரு காரணம் நாம் ஒப்புக்கொள்ளத் தயங்குவது. சுமையைத் தாங்கும் மனிதர் நம்மைவிடக் கீழே இருப்பவராக இருக்கும்வரை சம்மதம் என்பது நமக்கு ஒரு சம்பிரதாயமாகவே படுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் தொற்று வந்தால் சங்கச் செயலாளரோடு பேச்சுவார்த்தை நடத்துகிறோம், குடிசைப் பகுதியில் வந்தால் தடுப்புக் கட்டை வைக்கிறோம்.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களும் அரசியலமைப்பு தரும் கண்ணியத்துக்கு உரியவர்கள், காவலர்கள் அவர்களை மரியாதையோடு நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. விருப்பத்துக்கு மாறாகக் காப்பகங்களில் இருக்கும் பெண்களின் நிலையை ஆராயவும் சொன்னது. வி ஹோம் என்ற முகவரியை எழுதிக்கொடுத்த அந்தப் பெண்களில் யாராவது அன்று உயிரோடு இருந்திருக்கலாம். அந்தச் செய்தி அவரை எட்டியிருக்குமா?

நம்பிக்கை மையத்தில் இன்று ஒரு சிறிய அறை இருக்கிறது. மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சாத்திக்கொள்ள ஒரு கதவு. உள்ளிருந்து திறக்கக்கூடிய கதவு. ஆலோசகர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர், பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டிருப்பவர். கிராமத்திலிருந்து வந்த கர்ப்பிணியிடம் இது என்ன சோதனை, எதற்கு, வேண்டாமென்றால் என்ன, முடிவை யாரிடம் சொல்வோம், யாரிடம் சொல்ல மாட்டோம் என்று அவர் சொல்ல வேண்டும். அவள் கேள்வி கேட்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பலர் கேட்பதில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறார்கள், காட்டிய இடத்தில் கைநாட்டு வைக்கிறார்கள். நல்ல ஆலோசகர் அந்தத் தலையசைப்போடு நிறுத்திக்கொள்வதில்லை. 'நான் சொன்னதை நீங்க திருப்பிச் சொல்லுங்கம்மா' என்பார். அதற்குப் பதினைந்து நிமிடமாவது வேண்டும். வெளியே நாற்பது பேர் வரிசையில் நிற்கும் நாளில் முதலில் வெட்டுப்படுவது அந்தப் பதினைந்து நிமிடம்தான்.